வெறும் வயிற்றில் தெரியாத கட்டி

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகும் சலவைக்கூடம் அது. அங்கே நீராவி இயந்திரத்தில் பதினான்கு வருஷமாக நிற்கிறவளை எல்லோரும் ஆவியக்கா என்பார்கள். யார் வைத்த பெயரென்று அவளுக்கே மறந்துவிட்டது. மேல் பலகையை இழுத்து இறக்கினால் புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழும். புகை கலைந்தால் அதற்குள்ளிருந்து அவள் முகம் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம், "அந்த மூலையில ஒரு ஆவி இருக்கு, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். சிரிக்கவும் அலுப்பாக இருக்கும் நாட்களில் தலையை மட்டும் ஆட்டுவாள். நாற்பத்தாறு வயதில் அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

கட்டியை முதலில் பார்த்தது அவளல்ல. எதிர் மேசையில் துண்டு மடிக்கிற தோழி. மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"யக்கா, கழுத்துல என்ன அது? எலுமிச்சம்பழத்தை உள்ள வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு."

இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வலியில்லை. தண்ணீர் ஊற்றிக் கட்டிய பை போல மெத்தென்று அமுங்கி, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. பயம் வரவில்லை. இது வேறயா என்ற சலிப்புதான் வந்தது. அடுத்த விரிப்பை எடுத்துப் பலகையில் பரப்பினாள்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று தேடினால் கட்டியைக் காணோம். குழி இருந்த இடத்தில் லேசான மேடு மட்டும் இருந்தது. சரி, போயே போச்சு என்று வேலைக்குக் கிளம்பினாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், சட்டைக் கழுத்துப்பட்டி இடறுகிற மாதிரி இருந்தது. தொட்டால், எலுமிச்சம்பழம் தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எச்சிலை விழுங்கச் சொன்னார். பிறகு முகத்தை மாற்றிக்கொள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார்.

"கொழுப்புக் கட்டியா இருந்தாலும் இருக்கும். ஆனா இந்த இடத்துல வர்றதை லேசா விடக் கூடாதும்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. வயிற்றிலோ நெஞ்சிலோ ஒளிந்திருக்கும் புற்றுநோய் சில சமயம் முதன்முதலில் தலைகாட்டுவது அந்த இடது குழியில்தான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். அதனால் தேட ஆரம்பித்தார்கள். வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். மார்பகத்தைப் படம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோயோ என்று சளியையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விடிகாலையில் கிளம்ப வேண்டும், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வர வேண்டும், பதினோரு மணி வரை பெஞ்சில் உட்கார வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றுமில்லை என்று வந்தது. கழுத்தில் ஊசி குத்தியதும் ஒரு காலை வேளையில்தான். ஊசி போட்டவர் கட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துப் போனார். கொஞ்சம் கலங்கல் தண்ணீர் வந்தது. 'முடிவு சொல்லப் போதாது, மறுபடி எடுக்கவும்' என்று அறிக்கை வந்தது.

"கழுத்தைக் காட்டப் போனவளுக்கு உடம்பு பூரா பாத்துட்டாங்க, கழுத்தைத் தவிர" என்றார் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த மாடியில் எது நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த இரண்டு தடவையும் பாதியில் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று.

சாப்பிட்டால் பெரிதாகிறது என்று அவள் சொல்லாமல் இல்லை. மூன்றாவது தடவை, தோழி போனில் எடுத்துக் கொடுத்த படத்தைக்கூட நீட்டினாள். கணினியைப் பார்த்துக்கொண்டே பேசுகிற டாக்டர் ஒருவர், படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சாப்பிட்டா வயிறுதான்மா பெருசாகும்" என்றார். சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். அவருக்கும் அன்று நூறு பேரைப் பார்த்த களைப்பு இருந்திருக்கும், அவர் கெட்டவரல்ல. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் நாத்தனார் இருந்தார். கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அடுப்பங்கரை அவர் ஆட்சி. வாய் சும்மா இருக்காது. பால்காரன் முதல் மேல் வீட்டுப் பூனை வரை எல்லோருக்கும் அவரிடம் ஒரு குறை இருந்தது. தம்பி மனைவியை அவர் கூப்பிடுவது "அம்மாடி". பிரியமாகவும் கூப்பிடுவார், குத்தலாகவும் கூப்பிடுவார். எது எதுவென்று இழுக்கிற இழுப்பில் தெரியும்.

ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அக்காவும் தம்பியும் பேசியது காதில் விழுந்தது.

"எனக்கென்னமோ வேலைக்குப் போக அலுத்துக்கிட்டுச் சொல்றாளோன்னு தோணுது. காலையில பாத்தேன், கழுத்து சப்பையா இருக்கு. கட்டின்னா கட்டியா இருக்க வேண்டாமா? வந்து வந்து போறதுக்கு அது என்ன, விருந்தாளியா?"

"விடுக்கா" என்றார் கணவர். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் தண்ணீரை நிறுத்தாமல் அப்படியே நின்றாள். கோபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே. தலையைத் துவட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இடது கை அதற்குள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. பலகையை இழுத்து இறக்கும்போது தோளிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு இழுப்பு. சூப்பர்வைசர், "எத்தனை நாள் இப்படி அரை நாள் லீவு, அரை நாள் வேலை?" என்று கேட்டபோது அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட களைப்பில் கூடத்துத் தரையில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கழுத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்து விழித்தால், நாத்தனார் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து ஒற்றை விரலால் கட்டியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்திரிக்காத. அப்படியே இரு."

"என்னண்ணி?"

"இது எப்ப வந்துது? காலையில தலை பின்னும்போது பாத்தேனே, இல்லையே."

"சாப்பிட்டா வரும்னு சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

நாத்தனார் விரலை எடுத்தார், மறுபடி வைத்தார். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரங்களை ஒன்றோடொன்று இடித்துக் கழுவினார். வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் புதிது. சாயங்காலம் தம்பி வந்ததும், "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தடவை புதன்கிழமை. கழுத்தையும் வயிற்றையும் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் ஒன்பது மணிக்கு வரவும் என்று சீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் நாத்தனார் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். எண்ணெயில் பொரித்த முட்டை மூன்று, வெண்ணெய் தடவிய ரொட்டி, தூக்கில் ஆடை மிதக்கும் பால்.

"அண்ணி! வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க."

"மூணு மாசமா வெறும் வயித்துல வந்து என்னத்தைக் கண்டே? சாப்பிடு."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். வாங்கிக்க நான் இருக்கேன். சாப்பிடு அம்மாடி."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பட்டினி, எல்லோரும் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, குற்றம் செய்கிறவளைப் போல அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். கூப்பிடும்போது பதினொன்றரை ஆகிவிட்டது.

ஸ்கேன் அறையில் இருந்த டாக்டரம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. கருவியைப் பிடித்துப் பிடித்து வலது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வயிற்றில் கருவியை வைத்ததும் நிமிர்ந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

கதவோரம் நின்ற நாத்தனார் முந்திக்கொண்டார். "நான்தான் குடுத்தேன். வெறும் வயித்துல கூட்டிட்டு வந்தா கட்டி வீட்டுலயே தங்கிடுதுங்க. இன்னைக்குத்தான் அதையும் கூட்டிட்டு வந்திருக்கோம். வயித்தை நாளைக்குப் பாருங்க, கழுத்தை இன்னைக்குப் பாருங்க."

"யாரும்மா நீங்க? வெளிய போங்க."

"போறேன். பாத்தீங்கன்னா போறேன்."

டாக்டரம்மா திட்டுவதற்கும் களைத்துப் போனவராக, கருவியைக் கழுத்துக்கு நகர்த்தினார். திரையில் கறுப்பாக ஒரு குளம் தெரிந்தது. குளத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே கருவி மெல்லக் கீழே இறங்கியது. பழைய படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"ஒன்பதேகால் இருக்கும்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவள் சொன்னாள். டாக்டரம்மா போனை எடுத்து யாரையோ உடனே கீழே வரச் சொன்னார். வந்தவர் கழுத்து அறுவை டாக்டர், நாற்பது வயதுக்காரி. அப்போதுதான் ஒரு அறுவையை முடித்து வந்த சுவடாக நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. இருவரும் திரையைக் காட்டித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சினார்கள்.

ஊசிக்குழலில் ஏறியது வெள்ளையாக இருந்தது. பால் மாதிரி, அவ்வளவு வெள்ளை.

வெளியே போகாமல் நின்றிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது? இவ குடிச்ச பாலா?"

யாரும் சிரிக்கவில்லை. அறுவை டாக்டர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நீங்க கேட்டது முக்கால்வாசி சரிம்மா" என்றார்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். நாம் தின்னும் கொழுப்பு நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து நிணநீரில் கலந்து, முதுகெலும்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாய் வழியே மேலே ஏறி, இடது கழுத்தடியில் பெரிய ரத்தக்குழாயில் போய்ச் சேருகிறது. அவளுக்கு அந்தக் குழாயின் கடைசி முனை பலவீனப்பட்டுப் பையாக உப்பிவிட்டது. கொழுப்பாகச் சாப்பிட்டால் நிறையும், பட்டினி கிடந்தால் வடியும்.

"அப்ப புற்றுநோய் இல்லையா?" என்று கேட்டாள் அவள். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி, கேட்டபோது சாதாரணமாக வந்தது.

"தண்ணியைச் சோதிச்சுட்டு உறுதியாச் சொல்றேன். பாத்தா அப்படித் தெரியல. முதல்ல அதைத் தேடினது சரிதான், தேடாம இருந்தாத்தான் தப்பு. ஆனா நீங்க சொன்னதை யாராவது காதுல வாங்கியிருக்கணும்." சற்று நிறுத்தினார். "இது ரொம்ப அபூர்வம். பதினெட்டு வருஷத்துல நான் ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன். அதுவும் இன்னொருத்தர் அறுக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தது."

சோதனையில் கொழுப்பு ஏராளமாக இருந்தது, நிணநீரின் அணுக்கள் இருந்தன, புற்றுநோய் அணு எதுவும் இல்லை. அடுத்து என்ன செய்வதென்று மூவரையும் உட்கார வைத்துப் பேசினார் டாக்டர். கணவரும் அன்று போனை அணைத்துவிட்டு வந்திருந்தார். அப்படியே விடலாம், ஆனால் பை கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. ஊசியால் வடித்துக்கொண்டே இருக்கலாம், மறுபடி நிறையும். உள்ளே மருந்து செலுத்திச் சுருக்கலாம். ரத்தக்குழாயும் நரம்பும் இவ்வளவு ஒட்டியிருக்கும் இடத்தில் அதற்கு அவருக்குத் துணிவில்லை. வெட்டி எடுத்துக் குழாயின் முனையைக் கட்டிவிடலாம்.

"கட்டிட்டா அப்புறம் சாப்பிடுறது எப்படி ரத்தத்துக்குப் போகும்?" என்றார் நாத்தனார்.

"பெரிய ரோட்டை அடைச்சா வண்டியெல்லாம் சந்துக்குள்ள பூந்து போகுதில்ல, அந்த மாதிரி. உடம்புல சின்னச் சின்ன வழி நிறைய இருக்கு."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எத்தனை நாள் படுக்கணும்?"

"எல்லாம் சரியா நடந்தா அஞ்சு நாள்."

"நடக்கலன்னா?"

"கட்டின இடம் கசிஞ்சா நாள் இழுக்கும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

நேராகச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. சரி என்றாள்.

அறுவைக்கு முன் ஒரு கோப்பை நிறையப் பாலேட்டைக் குடிக்கக் கொடுத்தார்கள். குழாய் வெள்ளையாக நிறைந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால்தான் கட்ட முடியும் என்று சொல்லி, எத்தனை மணிக்குள் குடிக்க வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டரே வந்து சொன்னார். இத்தனை நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வந்தவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் கிடைத்த முதல் ஆகாரம் அது. குமட்டக் குமட்டக் குடித்தாள்.

அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. நல்லபடி முடிந்தது என்றார்கள். கண் விழித்தபோது கழுத்தில் கட்டும், கட்டுக்குக் கீழே ஒரு ரப்பர்க் குழாயும், குழாயின் முனையில் ஒரு சின்ன பாட்டிலும் இருந்தன. முதல் இரண்டு நாள் அதில் வடிந்தது இளஞ்சிவப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் சாப்பாடு கொடுத்தார்கள். நான்காம் நாள் காலை தாதி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள். அவளும் குனிந்து பார்த்தாள். வெள்ளை.

ஐந்து நாள் கணக்கு அத்தோடு முடிந்தது. கழுத்தை இறுக்கிப் பட்டி சுற்றினார்கள். கசிவை அடக்க மூன்று வேளை ஊசி. சாப்பாட்டில் எண்ணெய், நெய், வெண்ணெய், பால், முட்டை, கொட்டை வகை எதுவும் கூடாது. கொழுப்பின் சுவடே இருக்கக் கூடாது. உப்பும் தண்ணீருமாக வேகவைத்த காய், வெள்ளைக் கஞ்சி, பழச்சாறு. நோயாளி என்பதைவிடத் தண்டனைக் கைதி என்றால் பொருந்தும். பத்தாம் நாளுக்குள் நிற்காவிட்டால் மறுபடி திறந்து கட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

நாத்தனார் அந்தப் படுக்கைக்குக் கீழேயே குடியேறிவிட்டார். காலையில் பாட்டிலில் எத்தனை மில்லி என்று தாதிக்கு முன்னால் அவர் சொல்வார். எதிர்ப் படுக்கைக் கிழவிக்குக் கால் பிடித்துவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகளை, வந்ததும் கிளம்புகிறாள் என்று இரண்டு வார்த்தை கேட்டார். மருந்து வண்டி தள்ளுகிறவருக்குச் சக்கரம் கிறீச்சிடாமல் எண்ணெய் விடச் சொல்லிக் கொடுத்தார். தலைமைத் தாதி முதலில் முறைத்தாள், பிறகு விட்டுவிட்டாள், கடைசியில், "கொஞ்சம் அந்த ஏழாம் படுக்கையைப் பாத்துக்குங்களேன்" என்று கேட்கத் தொடங்கினாள்.

படுத்திருக்கிறவளுக்கு மட்டும் நேரம் நகரவில்லை. முதுகு வலித்தது. கஞ்சியைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டிலில் அளவு குறைந்துகொண்டு வந்தது. நிறமும் தெளிந்து வந்தது. எட்டாம் நாள் பகல், நாத்தனார் குளிக்கப் போயிருந்தார். அவருடைய பை கட்டில் காலில் சாய்ந்திருந்தது. அதற்குள் அவர் தமக்கென்று வைத்திருந்த வெண்ணெய் பிஸ்கட் டப்பா. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். ஒன்று தின்றாள். அது நாக்கில் கரைந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் இரண்டு தின்றாள். போர்வையில் சிந்திய தூளை விரல் நுனியால் ஒற்றி அதையும் தின்றாள்.

சாயங்காலம் பாட்டில் மறுபடி பாலாகிவிட்டது.

அறுவை டாக்டர் வந்து பாட்டிலைப் பார்த்தார். அவரும் களைத்திருந்தார், குரலில் அது தெரிந்தது.

"என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சிதான்."

"கஞ்சியில இது வராது."

"கஞ்சிதான் டாக்டர்" என்றாள், குனிந்துகொண்டே. வயிற்றுக்குள் போனதைக் கழுத்து காட்டிக் கொடுக்கிறது. அப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு எதை மறைப்பது?

"நான்தான் பிஸ்கட் குடுத்தேன்" என்றார் நாத்தனார். "வாடிப் போய்க் கெடக்காளேன்னு மனசு கேக்கல. அது வெண்ணெய் பிஸ்கட்டுன்னு எனக்குத் தோணல."

டாக்டர் அவரை நன்றாகத் திட்டினார். படித்துப் படித்துச் சொன்னோமே என்றார். உங்களால் இவங்க மறுபடி மேசையில் படுக்க வேண்டி வரலாம் என்றார். வார்டே பார்த்தது. யாரிடமும் ஒரு சொல் வாங்காத நாத்தனார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நாளை மறுநாள் வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

வார்டு அடங்கியதும் அவள் கேட்டாள்.

"ஏண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"எதை?"

"நீங்க எங்க குடுத்தீங்க?"

நாத்தனார் போர்வையை உதறி மடித்தார். "உன்னைப் பொய் சொல்றாள்னு முதல்ல சொன்னவ நான்தான். உன் புருஷன்கிட்டயே சொன்னேன். வேலைக்குப் போக அலுத்துக்கிட்டு நடிக்கிறாள்னு."

"தெரியும். குளிக்கும்போது கேட்டேன்."

நாத்தனாரின் கை நின்றது. "கேட்டும் ஒண்ணும் கேக்கலையே நீ."

"தெம்பு இல்லண்ணி."

"அதான். இன்னொரு தடவை ஒருத்தர் உன்னைப் பாத்துப் பொய் சொல்றேன்னு சொல்றதை என் காதால கேக்க வேண்டாம்னு இருந்துது."

"ஆனா இந்தத் தடவை நான் நிஜமாவே பொய்தானே சொன்னேன்."

"தெரியாதாக்கும்? டப்பா என்னோடது." அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "மூணு தின்னிருக்கே. ஒண்ணோட நிறுத்தியிருக்கக் கூடாதா, தீனிப் பண்டாரம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்துத் தையல் இழுத்தது. இழுத்த வலியில் அழுகையும் வந்தது. மூன்று மாதமாக வராத அழுகை. நாத்தனார் தடுக்கவில்லை. கழுத்துப் பட்டி நனையாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி, ஒரு துண்டை நீட்டினார். பிஸ்கட் டப்பாவை அன்றே எதிர்ப் படுக்கைக் கிழவிக்குக் கொடுத்துவிட்டு, தானும் தம்பி மனைவியோடு அந்த உப்புக் கஞ்சியையே குடிக்கத் தொடங்கினார். இரண்டாம் நாளே, "இதைக் குடிக்கிறதுக்கு அறுத்துக்கிட்டே சாகலாம்" என்றார். ஆனாலும் விடவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம் என்றார். பன்னிரண்டாம் நாள் கசிவு தெளிந்து, பதினைந்து மில்லிக்கு இறங்கியது. ஒரு நாள் பார்த்து, கொஞ்சம் கொழுப்புக் கொடுத்துச் சோதித்தார்கள். வெள்ளை வரவில்லை. பதினாலாம் நாள் குழாயை உருவினார்கள். கழுத்தில் சுருக்குப் பை போல ஒரு தழும்பு மிஞ்சியது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மட்டும் இன்னும் பாதி தூக்கத்தில் இருந்தன. அது திரும்ப மாதக் கணக்காகலாம், முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் பாரம் தூக்கக் கூடாது.

கிளம்புகிற அன்று டாக்டர் வந்து படுக்கை ஓரத்தில் நின்றார். "பழைய படங்களையும் புதுப் படங்களையும் மாணவர்களுக்குக் காட்டணும்னு நினைக்கிறேன். உங்க பேர் வராது. சம்மதமா?"

அவள் யோசித்தாள். "காட்டுங்க. கூடவே ஒண்ணு சொல்லுங்க டாக்டர். அந்தம்மா மூணு தடவை சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் அவர். சொல்வார் என்றுதான் பட்டது.

சலவைக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தால் துண்டு மடிக்கிற மேசையில் இடம் உண்டு என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார். உட்கார்ந்து செய்கிற வேலை. பதினான்கு வருஷம் நின்ற கால்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு என்னவோ சட்டென்று சந்தோஷம் வரவில்லை. சரி சார் என்று வைத்துவிட்டாள்.

வீடு வந்த இரண்டாவது வாரம் நாத்தனார் சாப்பிடும்போது தொண்டையைக் கனைத்தார். ஆஸ்பத்திரித் தலைமைத் தாதி கூப்பிட்டிருக்கிறாளாம். துணைக்கு ஆளில்லாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பகல் வேலைக்கு ஒருத்தி வேண்டுமாம்.

"இந்த வயசுலயா?" என்றார் கணவர்.

"ஏன், வாய் நல்லாத்தானே வேலை செய்யுது? அங்க அதுதான் வேணுமாம்."

திங்கட்கிழமை காலை நாத்தனார் வெளுத்த நீலப் புடவை கட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். முகத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பயம் இருந்தது.

"சமைச்சு வச்சிருக்கேன். எடுத்துப் போட்டுச் சாப்பிடு. பாத்திரத்தைத் தேய்க்காத, நான் வந்து தேச்சுக்கிறேன்."

"சரிண்ணி. பாத்துப் போங்க."

கணவர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார். கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினால், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் வந்த இந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் தனியாக இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுப்பங்கரையில் போய் நின்றாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கூடத்து ஜன்னலைப் பாதி சாத்தினாள். பாயை விரித்தாள். மரத்துப்போன இரண்டு விரல்களையும் வலது கையால் நீவிவிட்டபடி படுத்தாள்.

கண்ணை மூடியதுதான் தெரியும். எழுந்தபோது மணி இரண்டு.

பசித்தது. எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள்.